மாப்பிள்ளைக்கு உழவு மிசின் ஓட்டத் தெரியும்

காலை ஏழு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ட்ராக்டரின் இருக்கை. அதன்மேல் நான்கு அங்குலப் பனி. பனியின் நடுவில் ஒரு குழி. ஏதோ ஒரு பூனை சுருண்டு கிடந்துவிட்டு எழுந்து போயிருந்தது. ட்ராக்டருக்கு அப்பால், கேட்டிலிருந்து மண்டபத்துக்கு மேடேறிப் போகும் இருநூறு யார் தூரப் பாதை இருக்க வேண்டும். அதைக் காணவில்லை.

அன்று பத்து இருபதுக்கும் பதினொன்று பத்துக்கும் இடையில் அந்த மண்டபத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். இடம், மோர்டனில் ஒரு விளையாட்டு மைதானம். யாழ்ப்பாணத்தில் நான்கு ஆண்டுகள் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, லண்டனில் அந்த மைதானத்துக்குப் புல் வெட்டுபவனாகச் சேர்ந்திருந்தேன். வேலை செய்பவன் என்பதால் மண்டபத்தை எனக்குச் சலுகையில் தந்தார்கள். என் மேலாளர் டெரிக் வெள்ளிக்கிழமையே மகள் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். போகும்போது ட்ராக்டர் சாவியை என் கையில் வைத்து, பனி கொட்டினால் முன்னால் இருக்கும் தகட்டை இறக்கிப் பாதையைத் தள்ளிவிடு, வேறெதையும் தொடாதே என்றார்.

சாவியை வாங்கியபோது நான் நெஞ்சை நிமிர்த்தி நின்ற நிலையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ஏனென்றால் இந்தக் கல்யாணமே அந்த ட்ராக்டரால்தான் கைகூடியது. பெண்ணின் அப்பா அருளம்பலம் ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியராக இருந்தவர். எந்த நீர்ப்பம்பையும் காதை வைத்துக் கேட்டே நோய் சொல்வார் என்று பெயர். லண்டனில் ஒரு கிடங்கில் காவல் வேலை. சம்பந்தம் பேச வந்த தரகரிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி: "பேப்பரிலை எழுதிற ஆளுக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியுமோ?"

தரகர் யோசிக்காமல் சொன்னார்: "ஆணியோ? மாப்பிள்ளை உழவு மிசின் ஓடுவார்."

(எங்கள் ஊரில் ட்ராக்டருக்கு உழவு மிசின் என்றுதான் பெயர். லண்டனில் அது ஒரு பிடி மண்ணும் உழவில்லை. இதைத் தரகர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.)

அதுவரை நான் அதை ஓட்டியது ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் டெரிக் பக்கத்தில் நடந்து வந்தார். ஏழாவது தடவை வெள்ளிக்கிழமை மாலை, தனியாக. காலையில் ஆயத்தமாக நிற்கட்டும் என்று கொட்டகைக்குள் இருந்ததை வெளியே எடுத்து, கேட்டடியில் நிறுத்தினேன். லண்டனில் அந்த வாரத்தின் மிகக் குளிரான இரவு தொடங்கும் நேரத்தில், ஓர் இன்ஜினைக் கூரைக்குக் கீழிருந்து எடுத்து வெட்டவெளியில் விட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஏழு பதினெட்டுக்குச் சாவியைத் திருப்பினேன். உடனே ஸ்டார்ட் ஆனது. பெருமையாக இருந்தது. தகட்டை இறக்கினேன், மூன்று யார் தூரம் தள்ளினேன். இன்ஜின் இருமியது, விக்கியது, நின்றது. மறுபடி திருப்பினேன். சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை.

கொட்டகையில் இருந்த தொலைபேசியில் டெரிக்கை எழுப்பினேன். அவர் கொட்டாவியோடு வரிசையாகக் கேட்டார். தாங்கியில் டீசல் இருக்கிறதா? யெஸ். டீசல் ரப், தாங்கியின் அடியில் இருக்கும் அந்தச் சின்னக் குழாய்த் திருகு, திறந்திருக்கிறதா? யெஸ். பாட்டரி நன்றாகச் சுற்றுகிறதா? யெஸ். அப்படியானால் கோடையில் நிரப்பிய டீசலாக இருக்கும், குளிரில் மெழுகு படிந்து பில்டரை அடைத்திருக்கும், சூடாக்கு, நெருப்பை மட்டும் கிட்டக் கொண்டுபோகாதே என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

மூன்று யெஸ் சொன்னேனே, அதில் இரண்டைத்தான் பார்த்திருந்தேன். (பத்திரிகையில் நிருபர்களிடம் நான் தினமும் கேட்ட கேள்வி, "நீர் கண்ணாலை கண்டனீரோ?" என்பது. அதற்காகவே என்னை அவர்களுக்குப் பிடிக்காது.)

எட்டரைக்கு செவன் கிங்ஸிலிருந்து பெண் வீட்டார் வந்து சேர்ந்தார்கள். முதல் கார் கேட்டைத் தாண்டி மேட்டில் ஏறப் பார்த்தது, பக்கவாட்டில் வழுக்கித் திரும்பி வந்தது. அதற்குப் பின்னால் சமையல்காரரின் வான், அதற்குப் பின்னால் இருபது கார்கள். பெண் வசந்தி கூறைச் சேலையோடு இரண்டாவது காரில், ட்ராக்டரிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தாள். கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நாங்கள் அதற்கு முன் இரண்டு தடவைதான் சந்தித்திருந்தோம். இரண்டு தடவையும் நான் தலை வாரியிருந்தேன்.

மாமா அருளம்பலம் காரிலிருந்து இறங்கினார். கோட்டு, மப்ளர், நெற்றியில் மூன்று திருநீற்றுக் குறி.

"என்ன தம்பி, ஸ்டார்ட் வருதில்லையோ?"

"வந்தது மாமா. பிறகு நிண்டிட்டுது."

"நீர் ஓடுற மிசின்தானே இது?"

"ஓம் மாமா."

அந்த 'ஓம்' எவ்வளவு சின்னதாக வெளியே வந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும். மாமா மப்ளரைக் கழற்றி மகன் குணத்திடம் கொடுத்தார். பில்டரின் அடியில் இருந்த கண்ணாடிக் கிண்ணத்துக்கு நேரே குனிந்து பார்த்தார்.

"வெள்ளையா இருக்குது. பாத்தீரோ? மெழுகு. குளிருக்குத் தேங்காயெண்ணைப் போத்தில் உறையிற மாதிரி உறைஞ்சு போச்சு."

லண்டனில் வாழும் தமிழருக்கு இதைவிடத் தெளிவாக ஒன்றை விளக்க முடியாது. குளியலறையில் உறைந்த எண்ணெய்ப் போத்தலோடு போராடாதவர் அங்கே எவருமில்லை. "ஓம், ஓம், உறைஞ்சுதான் போச்சு" என்று கூட்டம் முழுவதும் ஒத்துக்கொண்டது. நானும்தான். (அந்த வெள்ளை, கண்ணாடியின் வெளிப்பக்கம் படிந்த உறைபனி. விரலால் துடைத்திருந்தால் போயிருக்கும். விரல் என்னிடமும் பத்து இருந்தன.)

குணம் ஒரு பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் வேலை செய்பவன். கல்லாவில் இருப்பதுதான் அவன் வேலை. ஆனாலும் டீசல் பற்றிய பேச்சு வந்ததும் அவன் குரல் மாறியது.

"அப்பா, மண்ணெண்ணெய் கலக்க வேணும். அஞ்சுக்கு ஒண்டு. நான் கொண்டு வாறன்."

"ஓடிப்போ. மண்ணெண்ணெயிலை மோட்டச்சைக்கிள் ஓடின சனத்துக்கு இது என்ன பெரிய காரியமே?"

மாமா யாரிடமோ ஒரு ஸ்பானர் வாங்கிப் பில்டரின் மேல் இருந்த திருகைத் தளர்த்தினார். டீசல் வந்திருந்தால் அதன் வழியாகக் கசிய வேண்டும். ஒரு சொட்டும் இல்லை. "கல்லு மாதிரி இறுகிட்டுது" என்றார். குரலில் கவலை இல்லை. நெடுநாள் காணாத ஒரு நண்பனை வழியில் கண்டவர் போல இருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை நேர வரிசையில் தருகிறேன். எட்டு ஐம்பதுக்கு, வசந்திக்கு அலங்காரம் செய்ய வந்த பெண்மணியிடமிருந்து ஹெயார் டிரையர் பறிக்கப்பட்டது. கொட்டகையிலிருந்து வயர் இழுத்து, மாமா முழங்காலில் இருந்து பில்டருக்குச் சூடு காட்டினார். ஒன்பது பத்துக்குக் குணம் மண்ணெண்ணெயோடு வந்து தாங்கியில் ஊற்றினான். ஒன்பது இருபதுக்கு அவனே என்னைக் கொட்டகைக்குள் இழுத்துப் போய், புல்வெட்டும் மிசின்களுக்கு நடுவே பட்டு வேட்டியும் சால்வையும் உடுத்தி, தலைப்பாகையும் வைத்துவிட்டான். மாப்பிள்ளைத் தோழன் அவன்தான். வெளியே வந்தபோது வேட்டிக்குக் கீழே முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மேலே மைதானத்து மழைக்கோட்டு. வீடியோக்காரர் அந்த நிமிடத்திலிருந்து படம் பிடிக்கத் தொடங்கினார்.

"நடந்து போனால் என்ன?" என்று யாரோ கேட்டார்கள்.

"சோத்துக் கிடாரம் நடக்குமே?" என்றார் சமையல்காரர். பேச்சு அதோடு முடிந்தது.

(கொட்டகையில் ஏழு பனி அள்ளும் மண்வெட்டிகள் சுவரில் மாட்டியிருந்தன. வெளியே ஐம்பது ஆண்கள் நின்றார்கள். ஒரு மணி நேர வேலை. ஐம்பது பேரும் ஹெயார் டிரையரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.)

பத்து ஐந்து. முகூர்த்தத்துக்குக் கால் மணி. ஐயர் மேலே மண்டபத்திலிருந்து இரண்டாவது தடவையாக ஆள் அனுப்பிவிட்டார். பாட்டரி களைத்துப் போய் முனக ஆரம்பித்தது. மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தரகர் சொன்னதை மறுபடி ஒரு தடவை நினைத்துப் பார்க்கிற பார்வை அது.

அப்போது சமையல்காரர் வந்தார். வானில் இருந்த காஸ் அடுப்பை இறக்கிக் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தார். கேத்தலை மாமாவிடம் நீட்டிக்கொண்டே, பார்க்காமல், இடது கையைப் பின்னால் விட்டுக் காஸ் சிலிண்டரின் ரப்பைப் பூட்டினார்.

அந்தக் கையைக் கண்டேன். என் கைக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

ஊரில் பெற்றோல் தட்டுப்பாடான காலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் ரப்பைப் பூட்டாதவன் மனிதன் இல்லை. ஒரு சொட்டு ஒழுகினாலும் நட்டம். சாவியை எடுப்பதும் ரப்பைப் பூட்டுவதும் எங்களுக்கு ஒரே அசைவு. வெள்ளிக்கிழமை மாலை, இன்ஜினை நிறுத்திவிட்டு, இருக்கையிலிருந்து இறங்கும்போது என் கை தானாகத் தாங்கியின் அடிக்குப் போனது. ரப்பைப் பூட்டியது. பிறகு வீட்டுக்குப் போனது. குழாயில் மிச்சமிருந்த டீசலில்தான் காலையில் அந்த மூன்று யார் தூரம் ஓடியது.

ஒன்றேகால் மணி நேரமாக நாங்கள் சூடாக்கியது வெறும் குழாயை.

இப்போது சொல்லிவிடலாம். ஐம்பது பேர் முன்னால், தலைப்பாகையோடு. அல்லது சொல்லாமல் விடலாம். நான் குளிருக்குக் கை தேய்ப்பவன் போல ட்ராக்டரைச் சுற்றி மறுபக்கம் போனேன். சால்வையைச் சரிசெய்வது போலக் குனிந்தேன். ரப் கையில் பட்டது. திருப்பினேன். நிமிர்ந்து, அக்கறையான முகத்தோடு மாமாவின் பக்கத்தில் வந்து குனிந்தேன்.

மாமா தளர்த்திய திருகு இன்னும் தளர்ந்தபடியே இருந்தது. இதையும் நான் மறந்திருந்தேன். முதலில் குமிழி வந்தது. பிறகு டீசல் பீறிட்டு என் பட்டு வேட்டியில் இடுப்பிலிருந்து முழங்கால் வரை பாய்ந்தது.

"வருகுது! வருகுது! உருகிட்டுது!" மாமா ஹெயார் டிரையரை வாளைப் போல உயர்த்தினார். கூட்டம் கை தட்டியது. தவில்காரர், யாரும் கேட்காமலே, காருக்குள் இருந்தபடி அடிக்கத் தொடங்கினார்.

திருகை இறுக்கி, காற்றை வெளியேற்றி, பாட்டரியின் கடைசி மூச்சில் இன்ஜின் பிடித்தது. பத்து இருபத்தொன்பது. நான் ஓட்ட, மாமா பின்சக்கரத்தின் மட்காட்டில் உட்கார்ந்து வழி காட்ட, பாதை திறந்தது. பின்னால் பெண்ணின் கார், அதன் பின்னால் சோற்றுக் கிடாரம்.

மணவறையில் இருந்ததும் ஐயர் என்னை முகர்ந்தார்.

"என்ன மணம் இது?"

"டீசல், ஐயா."

ஐயர் ஓமகுண்டத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். நெய் வார்க்க எனக்கு அவர் கொடுத்தது சமையல்காரரின் பாயாச அகப்பை. அதன் பிடி மூன்றடி. மற்றவர்கள் பக்தியோடு குனிந்து நெய் விடுவார்கள். நான் தூர இருந்து தோணி வலிப்பவன் போல விட்டேன்.

பதினொன்று இரண்டுக்குத் தாலி கட்டக் குனிந்தேன். கெட்டிமேளத்துக்கு நடுவே வசந்தி தலை நிமிராமல் கேட்டாள்:

"ரப்பை நீங்கள்தானே பூட்டினனீங்கள்?"

கை நின்றுவிட்டது. "ஓம்" என்றேன்.

"கண்ணாடியாலை பாத்தனான். குனிஞ்சு திறந்தனீங்கள். நானும் ஊரிலை மோட்டச்சைக்கிள் ஓடினனான்." பிறகு சொன்னாள்: "முடிச்சைப் போடுங்கோ. அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. லண்டனுக்கு வந்த பிறகு மனுசன் இண்டைக்குத்தான் சிரிக்கிறார்."

முடிச்சைப் போட்டேன். அக்கினியை வலம் வந்தபோது குணம் தோழனாக என் பின்னால் நடந்தான், கையில் மண்டபத்துத் தீயணைப்புக் கருவியோடு. வீடியோவில் இது தெளிவாக இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அந்த இடத்தை மட்டும் பின்னுக்கு ஓடவிட்டு ஓடவிட்டுப் பார்ப்பார்கள்.

வீட்டில் பொய்லர் நின்றாலும், டீவி வராவிட்டாலும், வசந்தி ஒரு சொல்தான் கேட்பாள்: "ரப்?" பிள்ளைகளும் அதையே கேட்கிறார்கள். கணினி பழுதானாலும் கேட்கிறார்கள். பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கிறது.

மாமா அந்தக் கதையை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்வார். ஆண்டுக்கு ஆண்டு அன்றைய குளிர் கூடியது, டீசல் மேலும் இறுகியது, கடைசியில் அதை ஸ்பானரால் தட்டினால் சத்தம் கேட்டது. செவன் கிங்ஸில் யாருடைய கார் குளிரில் நின்றாலும் முதலில் அவருக்குத்தான் போன் வரும். அவர் கதை சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்து தலையாட்டுவேன். திருத்துவது என் தொழிலாக இருந்தும், அதில் ஓர் எழுத்தையும் நான் திருத்தவில்லை.

போன வருடம் கண் பார்வை குறைந்ததால் மாமா காரை விற்றார். அதைத் துடைத்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. டிக்கியில், ஸ்பெயர் டயருக்குப் பக்கத்தில், ஒரு துவாயில் சுற்றி ஹெயார் டிரையர் ஒன்று இருந்தது.