சக்கரம் மேலே போன கதை

"அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?" என்று நிர்வாக அதிகாரி இரண்டாம் முறையாகக் கேட்டார். முதல் முறை கேட்டபோது, உடம்பைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்து, "உசுரோட இருந்தாலே பெரிசு சார்" என்று சக்கரம் சொல்லியிருந்தார்.

"வேலையில கேக்கறேன். வேலையில எங்க இருப்பீங்க?"

சக்கரம் சுற்றுமுற்றும் பார்த்தார். மருத்துவமனையின் கீழ்த்தளம். ஜன்னல் கிடையாது. சுவரோரமாகச் சக்கர நாற்காலிகள் மடங்கி நின்றன. நடுவில் ஒன்று மல்லாந்து கிடந்தது. அதன் முன்சக்கரத்தில் சுற்றியிருந்த தலைமுடியைக் கத்தரியால் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கேள்வி வந்தது. முடியெடுத்து, எண்ணெய் விட்டு, பிரேக்கை இறுக்கி மேலே அனுப்புவது அவர் வேலை. சக்கரம் என்ற பெயர் வந்ததும் அதனால்தான். சொந்தப் பெயர் அவருக்கே சம்பளத்தன்றுதான் ஞாபகம் வரும்.

"இங்கயேதான் சார்."

"இந்த ரூம்லயா?"

"ஆமா சார். எனக்கு இது போதும்."

"போதும்னா?"

"காலையில கத்திக்கிட்டு வர்ற வண்டி சாயங்காலம் சத்தமில்லாமப் போகும். வீட்டுக்குப் போனா தூக்கம் வரும். வேற என்ன சார் வேணும்?"

அதிகாரியின் முகம் தொங்கிப்போனது. கொஞ்ச நேரம் அந்த மல்லாந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றவர், லிஃப்டில் ஏறிக்கொண்டார். கதவு மூடுவதற்குள் லிஃப்ட்காரர் சக்கரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பெரிய மனுஷர் கேக்கறார். ஒரு பேச்சுக்காவது ஆசை இருக்குன்னு சொல்லக் கூடாதா?"

மனைவியின் தம்பி உடனே வரவழைக்கப்பட்டான். எந்த வேலையிலும் அவன் கால் தரித்ததில்லை. நிறைய இடம் பார்த்தவன் என்பதால் வேலை விஷயத்தில் அவன்தான் குடும்பத்துக்கு ஆலோசகன்.

"போதும்னு சொல்றவனைத்தான் அத்தான் மொதல்ல வீட்டுக்கு அனுப்புவாங்க. நாளைக்கே போய், 'மேல வரணும்னு ஆசை சார்'னு சொல்லுங்க. ஆசைக்கென்ன, வரியா போடறாங்க?"

அந்த ஜன்னலில்லாத அறை இல்லாமல் போனால் தான் காலையில் எழுந்து எங்கே போவது என்று சக்கரம் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் மேலே போய்ச் சொன்னார். அதிகாரி எழுந்து நின்று கைகொடுத்தார்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான் சார்," என்று பொய் சொன்னார் சக்கரம்.

அந்த வாரமே அவரைத் தலைமைப் பயிற்சியில் உட்காரவைத்துவிட்டார்கள். குளிரூட்டிய கூடம், டை கட்டிய இளைஞர்கள், கேள்வி மேல் கேள்வி. சக்கரத்துக்கு எதுவும் விளங்காததால் வாயே திறக்கவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வார்கள் என்பார்கள்; அவர் வாயை மூடி மாட்டிக்கொண்டார்.

"பார்த்துக்குங்க," என்றாள் பயிற்சி நடத்திய அம்மாள், அவரைக் காட்டி. "இப்படிப் பொறுமையாக் கேக்கத் தெரிஞ்சவங்கதான் தலைமைக்கு வர முடியும்."

அன்று மாலை மைத்துனன் வேறு வழி சொன்னான். "சும்மா இருந்தது தப்பு அத்தான். ஏடாகூடமா ஏதாவது பேசி வைங்க. தானாக் கழட்டி விட்டுருவாங்க."

கடைசி நாள் அதிகாரியும் கூடத்துக்கு வந்திருந்தார். சக்கரம் எழுந்தார். "இங்க நடக்கற மீட்டிங்ல பாதி வீண்," என்றார். "அந்த நேரத்துல எல்லாரும் படுத்துத் தூங்கலாம்."

கூடம் அரண்டுபோய் உட்கார்ந்திருந்தது. முதலில் அதிகாரிதான் கைதட்டினார். அவர் தட்டுவதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். பிறகு நிறுத்த யாருக்கும் தைரியம் வரவில்லை.

இனி மைத்துனன் பேச்சு உதவாது என்று சக்கரம் உண்மையையே சொல்லப் போனார். "சார், எனக்கு ஒண்ணும் தெரியாது. என்னை விட்டுருங்க."

அதிகாரியின் கண் கலங்கியது. "தெரியாதுன்னு சொல்ற தைரியம் எனக்கே இன்னும் வரலையே. மேலிடத்துல பேசி முடிச்சாச்சு. இனிமே இது உங்க நாற்காலி. நான் வேற இடத்துக்கு மாறிப் போறேன்."

எந்த இடம் என்று கேட்கவும் சக்கரத்துக்குத் தோன்றவில்லை.

புது அறையில் பெரிய ஜன்னல் இருந்தது. நாற்காலிக்குச் சக்கரமும் இருந்தது. குனிந்து பார்த்தார். முடி இல்லை, சத்தம் இல்லை. அதற்குச் செய்ய அவரிடம் ஒன்றுமில்லை. தொலைபேசி மட்டும் ஓயாமல் கத்தியது. வார்டில் தண்ணீர் வரவில்லை, நர்ஸ் வரவில்லை, வந்த நர்ஸுக்கு லீவு வேண்டும். எதற்கு எண்ணெய் விடுவது என்று தெரியாமல் எல்லோரிடமும் "பார்க்கலாம்" என்றார். நல்ல நிர்வாகி என்று பெயர் வந்தது.

மனைவி அக்கம்பக்கத்தில் "எங்க வீட்டு ஆபீசர்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். சாப்பாட்டு டப்பா கட்டினபடியே திரும்பி வரத் தொடங்கியது. அவள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, இப்பல்லாம் குறட்டையே விட மாட்டேங்கறீங்களே," என்றாள். அவர் புரண்டு படுத்துக்கொண்டார். அவளும் அப்புறம் ஆபீசர் என்று சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். "கீழ போங்க," என்றார் லிஃப்ட்காரரிடம். பழைய அறையில் ஒரு ஓரமாக உட்கார்ந்து சாப்பிடலாம். புதிதாக வந்திருப்பவன் வேண்டாமென்றா சொல்லப்போகிறான்?

கதவு திறந்தது. அறையின் நடுவில் நாற்காலி ஒன்று மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, கையெல்லாம் எண்ணெயாக ஒருவர் முடியெடுத்துக்கொண்டிருந்தார். வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. பழைய நிர்வாக அதிகாரி. வேலை மும்முரத்தில் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சக்கரம் வெளியே கால் வைக்கவில்லை. "இவர் எப்படி இங்க வந்தார்?" என்றார்.

லிஃப்ட்காரர் கதவை மூடினார்.

"எப்படியா? அன்னைக்கு நீங்க 'இது போதும்'னு சொன்னதுலேர்ந்து நீங்க மேல வந்து சேர்ற வரைக்கும் இந்த லிஃப்ட்லதான் சார் புலம்பிக்கிட்டே வந்தார், 'அந்த ரூமுக்கு நான் போகணும்னா அந்த ஆளை எங்க அனுப்பறது'ன்னு."