பொட்டலுக்குத் தெரு போட்டவர்

காரைக்குடிப் பக்கம் பெரிய பெரிய வீடு கட்டியவர்கள் ஏராளம். கட்டாத வீட்டுக்கு வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போனவர், எனக்குத் தெரிந்து, தெருக்காரர் ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கோவிலூர் போகிற சாலையோரம் அவருக்கு ஒரு பொட்டல் இருந்தது. பாகம் பிரிக்கும்போது அண்ணன் தம்பிகளெல்லாம் கண்மாய்ப் பாசன வயலை எடுத்துக்கொண்டு, இவர் தலையில் கட்டிய புஞ்சை. கடலை போட்டால் விதைத்த கடலைகூடத் திரும்பாது. "வெள்ளாமைக்கு ஆகாட்டி என்ன, வீட்டுக்கு ஆகும்" என்று அதை மனைகளாகப் பிரிக்கக் கிளம்பினார். இது அறுபதுகளில். அதற்குப் பஞ்சாயத்து போர்டு சம்மதிக்க வேண்டும். வரைபடம் கொடுத்தார். போர்டில் அதைக் கிடப்பில் போட்டார்கள்.

தெருக்காரர் காத்திருக்கவில்லை. தெருக்கள் வந்துவிட்டதாகவே நடமாட ஆரம்பித்துவிட்டார்.

நான் அப்போது செக்காலையில் ஒரு மரக்கடையில் கூலியாள். படிப்பு அஞ்சாவதோடு நின்றது. நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மனைக்கு அடிக்க முளைக்குச்சி சீவித் தரச் சொல்லி அவர் எங்கள் கடைக்கு வருவார். ஒருநாள் குச்சிக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பொட்டலுக்குப் போனேன். நடுவில் நின்ற அவரைப் பார்த்து நேராக நடந்தேன்.

"நில்லு நில்லு! என்னப்பா நீ, அடுத்தவக அடுப்படிக்குள்ள பூந்து வாரே? தெருவோட வா!"

சுற்றிலும் பார்த்தேன். ஒரு கருவேலமரம், ரெண்டு ஆடு.

"தெரு எங்குட்டுங்க இருக்கு?"

"அங்குட்டுத் திரும்பு. நெட்டுக்கப் போ. முக்குல இங்குட்டு ஒடி."

ஒடித்தேன். அந்த வெயிலில், தலையில் சுமையோடு, இல்லாத ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சேர்ந்தேன். "ஆங், இப்ப வந்தது மொற" என்றார்.

ஊருக்குத்தான் உபதேசம் என்று நினைத்துவிடக் கூடாது. அவரும் அப்படித்தான். சைக்கிளில் வந்தால் முக்குக்கு முக்கு மணியடிப்பார். ஆட்டுக்காரரைக் கண்டால், "ஏங்க, கூடத்துல விட்டு மேய்க்கிறீகளே, வீட்டுக்காரக பாத்தா என்ன நெனப்பாக?" என்பார். ஒருநாள் சடசடவென்று மழை. நான் மரத்தடிக்கு ஓடினேன். அவர் வெட்டவெளியில் நின்று நனைந்துகொண்டிருந்தார்.

"இங்குட்டு வாங்கண்ணே!"

"அது எதுத்த வீடு தம்பி. அவுக இன்னும் குடிவரல. கூப்பிடாம எப்பிடி வர்றது?"

முதலில் நானும் எல்லாரையும் போலச் சிரித்தவன்தான். எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை. இன்னும் வராத மனிதர்களுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. வந்து நிற்கிற எனக்கே யாரும் கொடுத்ததில்லை.

அந்தச் சமயத்தில் ஒக்கூரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா கேட்டது ஒரே கேள்வி. "மாப்பிள்ளை எங்க குடியிருக்காரு?" மரக்கடையில் பலகைகளுக்கு நடுவில் படுக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? விஷயம் தெருக்காரர் காதுக்குப் போனது. குச்சி சீவிய கூலிக்கு ஈடாக ஒரு மனையை எனக்கென்று ஒதுக்கினார். அதோடு விடவில்லை. பெண்ணின் அப்பாவைப் பொட்டலுக்கே அழைத்து வந்துவிட்டார்.

"இதுதான் முகப்பு. செருப்ப இப்பிடி ஓரமா விடுங்க."

மனிதர் அந்த முள்ளுக்காட்டில் செருப்பைக் கழற்றினார்!

"இது கூடம். அங்குட்டு அடுப்படி. சன்னல் கெழக்குப் பாத்து."

"காத்து நல்லா வருதே" என்றார் அவர், மெய்யாகவே வியந்துபோய். வராமல் என்ன செய்யும்? தடுக்கச் சுவர் வேண்டாமா?

வெளியே வந்து செருப்பை மாட்டியதும் அவருக்குத் தெளிந்துவிட்டது. "வீடு லெச்சணமாத்தான் இருக்கு. ஆனா போர்டுல தீர்மானம் போடட்டும், பரிசம் போடுறோம். இல்லாட்டி வேற எடம் பாத்துக்கிருவோம்."

ஆக, என் கல்யாணம் போர்டின் கையில். போர்டோ ஒரு மீசைக்கார மெம்பரின் கையில். "இன்னைக்கு மனைன்னுவாக, நாளைக்கு ரோட்டப் போடு, லைட்டப் போடும்பாக. அந்தக் காட்டுல எவன்யா குடியிருப்பான்?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் தடுத்துவிடுவார். கடைசியில் தலைவரும் மெம்பர்களும் நேரிலேயே பார்க்க வந்தார்கள்.

தெருக்காரர் அவர்களைத் தெருத்தெருவாக நடத்திக் கூட்டிப்போனார். தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். மீசைக்காரர் மட்டும், "வேகாத வெயில்ல இதென்ன கூத்து" என்று குறுக்கே இறங்கிவிட்டார்.

தெருக்காரர் பதறிப்போய்க் கத்தினார். "ஐயா, ஐயா! பின்கட்டுல பொம்பளைக குளிக்கிறாக!"

மீசைக்காரர் துள்ளிப் பின்னால் குதித்தார். தோள் துண்டை இடுப்புக்கு இறக்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "மன்னிச்சிருங்க தாயி, தெரியாம வந்துட்டேன்" என்றார்.

தலைவர் மெதுவாகக் கேட்டார். "ஏன் மெம்பரே, எவன் குடியிருப்பான்னு கேட்டீக. இப்ப யாருகிட்ட மன்னிப்புக் கேட்டீக?"

மீசைக்காரர் மீசையைத் தடவினார். செம்மண்ணைப் பார்த்தார். "சரி, தீர்மானத்தப் போட்டுத் தொலைங்க. ஆனா அந்தப் பின்கட்டுக்கு ஒரு மறைப்பு வைக்கச் சொல்லுங்கய்யா."

தீர்மானம் நிறைவேறியது. மேலே போன காகிதமும் சம்மதத்தோடு திரும்பியது. எனக்குத் தை மாதம் கல்யாணம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அவர் சொன்ன இடத்திலேயே அடுப்படியும் கிழக்குச் சன்னலும் வைத்து வீடு எழுப்பினோம். குடிபோன அன்றைக்குத் தெருக்காரர் குரல் கொடுக்காமல் விறுவிறுவென்று அடுப்படி வரைக்கும் வந்துவிட்டார்.

"என்னண்ணே, வெறுந்தரையா கெடந்தப்ப வாசல்ல நின்னு கூப்பிட்டீக. இப்ப ஒங்க பாட்டுக்கு உள்ள வாரீக?" என்றாள் என் மனைவி.

"வீடு இல்லாதப்ப நாமதான தாயி மதிக்கணும்? இப்ப செவரு இருக்கு, அது பாத்துக்கிரும். நீ சோத்தப் போடு."

எழுபதுகளில் பொட்டல் முழுக்க வீடாகிவிட்டது. குழாயடிச் சண்டைகூட வந்துவிட்டது. முதல் முக்கு மனையை மட்டும் அவர் தனக்கென்று வைத்திருந்தார். எல்லாரையும் குடியேற்றிவிட்டு, அதைக் கட்டாமலே போய்ச் சேர்ந்தார். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் அதன் குறுக்கே ஒற்றையடிப் பாதையே போட்டுவிட்டார்கள். நான் சுற்றித்தான் போவேன்.

போன மழைக்கு ஒக்கூர் போகக் கிளம்பினோம். பஸ் வருகிற சத்தம் கேட்டது. சுற்றிப் போனால் பிடிக்க முடியாது. முகப்பு வந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு நொடி நின்றேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, முள்ளைப் பார்த்துப் பார்த்துக் குறுக்கே நடந்தேன். மனைவி திட்டப்போகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அவள் கையிலும் செருப்பு இருந்தது.