எது வந்தாலும் காட்டு

"மறுபடியும் படுத்துடுச்சு சார்," என்றான் ரிசப்ஷன் கெவின்.

ஜம்புவுக்கு ரத்தம் தலைக்கேறியது. டெல்லி சாணக்யபுரி விருந்தினர் இல்லத்தின் மாத ரிப்போர்ட்டுக்கு ப்ரோகிராம் எழுதியவன் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் அவனுக்கு நிச்சயதார்த்தம். ரிப்போர்ட் ஒழுங்காக வந்தால்தான் நாலு நாள் லீவுக்குக் கையெழுத்து என்று மேனேஜர் ராஜலக்ஷ்மி மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இப்ப என்ன எழவு?"

"கெஸ்டெல்லாம் கம்பளி கேக்கறாங்க. டேட்டாபேஸ்ல 'கம்பளி'ன்னு ஒரு தலைப்பு சேர்த்தேன்."

"யாரைக் கேட்டுடா சேர்த்தே?"

"உங்களைக் கேட்டா திட்டுவீங்களே சார்."

திட்டினான். திட்டிக்கொண்டே ப்ரோகிராமில் கம்பளியைச் சேர்த்தான். பெயர் சொல்லிக் கொடுத்த தலைப்புகளைத்தான் அதற்குத் தெரியும். புதிதாக ஒன்று வந்தால் படுத்துவிடும். அவன் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் 'வெந்நீர்' என்ற தலைப்பு வந்து ப்ரோகிராம் படுத்தது. அதையும் சேர்த்தான். 'வெங்காயம் வேண்டாம்' வந்தது. எரிச்சல் வராதா பின்னே?

"உங்களுக்கெல்லாம் வேற வேலையே கிடையாதாடா?"

வெறுத்துப்போய் முழுவதையும் மாற்றி எழுதினான். இனி டேட்டாபேஸிலிருந்து என்னென்ன தலைப்பு வருகிறது என்பதை ப்ரோகிராமே அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளும். எது வந்தாலும் அப்படியே காட்டும்.

கெவினின் முகம் வெளிறியது. "எல்லாத்தையுமா சார்? நாங்க சும்மா எங்களுக்குள்ள சேர்த்ததுகூடவா?"

"ஒண்ணு விடாம."

"ஒரு நிமிஷம் சார், ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்துட்டு..."

"கைய வெச்சே, கொன்னுடுவேன். ஜல்தி வா, மேடம் கூப்பிடறாங்க."

மேடம் அறையில் ரிப்போர்ட்டைத் திறந்தால், தலைப்புகள் திரைக்கு வெளியே வழிந்தன. ஜம்பு பல்லைக் கடித்துக்கொண்டு எழுத்தைச் சின்னதாக்கினான். எறும்பு ஊர்வதுபோல ஆகிவிட்டது. மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாளுக்கு ஒரு வரியாக இருந்த ரிப்போர்ட்டைக் கடைசிவரை படித்தார். நிமிர்ந்து ஜம்புவைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"நாலு நாள் போதுமா ஜம்பு? பத்து நாளா எடுத்துக்குங்க. நிம்மதியா போயிட்டு வாங்க," என்று கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் ஜம்பு, அந்த ஆபீஸில் முதல் முறையாகச் சிரித்தான். "பாத்தியாடா? திறமைக்கு எங்கயும் மரியாதை உண்டு."

கெவின் இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

"கடைசித் தலைப்பை நீங்க படிக்கல போல. 'ஜம்பு சார் கோவமா இருக்காரா?' தினமும் 'ஆமா'தான் சார், போன வாரம் நீங்க லீவு போட்ட அன்னிக்கு மட்டும் 'இல்லை'."