பாட்டுப்பெட்டிக்குப் பிடித்த பேய்

அந்த வருஷம் மட்டக்களப்புப் பட்டினத்தில் மூன்று இடங்களில் கூட்டம் கூடியது. அரசாங்கக் கச்சேரி, ஆசுபத்திரி, ஏகாம்பரத்தின் பாட்டுப்பெட்டிக் கடை. முதல் இரண்டுக்கும் வேலை இருந்தவர்கள் போனார்கள். மூன்றாவதற்கு, இருந்த வேலையையும் போட்டுவிட்டுப் போனார்கள்.

கடையின் பெயர் நாதப்பிரம்ம விலாசம். வாசலில் பெரிய பித்தளைக் குழாய் ஒன்று வீதியைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அதற்கு எதிரே, அதைவிட அகலமாக வாயைத் திறந்துகொண்டு சனம் நிற்கும்.

ஏகாம்பரம் எந்த ஊர்க்காரர் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் கூரையைப் பார்ப்பார். கழுத்தில் உருத்திராட்சம், புயத்தில் தாயத்து, மேசைமேல் ஒரு சிலுவை. எந்த வாடிக்கையாளரையும் இழக்க மனமில்லாதவர். ஒவ்வொரு இசைத்தட்டும் முடிந்ததும் கையை உயர்த்துவார். சனம் அடங்கும். சனத்துக்கு முதுகைக் காட்டிப் பெட்டியின்மேல் குனிந்து ஏதோ முணுமுணுப்பார். திரும்புவார். அடுத்த பாட்டு கணீரென்று வரும்.

"பாடுகிறவளை அழைக்க வேண்டும். அழைக்காமல் அவள் எப்படி வருவாள்?" என்பார்.

சனம் கும்பிடும். சாவி முறுக்கியதும் வருகிறாளே என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

பெட்டியை விற்கும்வரை ஏகாம்பரம் வியாபாரி. விற்றபின் அவர் மாந்திரீகர். பழுதென்று பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் அநேகம். பெட்டியில் குற்றம் இருந்ததாக அந்தக் கடையின் சரித்திரத்திலேயே இல்லை. குற்றம் எப்போதும் வாங்கியவர் வீட்டில்தான். ஏறாவூர்க்காரர் ஒருவரின் பெட்டி கரகரத்ததற்கு மச்சானின் பொறாமை காரணம். பாதிரியார் ஒருவரின் பெட்டியில் ஆவி. காத்தான்குடிப் புடவை வியாபாரி மீராசாஹிபின் பெட்டியில் ஜின். நோய் பலவிதம், மருந்து ஒன்றே. அதற்குப் பெயர் பெட்டிக்குளிர்த்தி.

கண்ணகை அம்மனின் கோபம் தணிய வைகாசியில் ஊர் கூடிக் குளிர்த்தி பாடுகிறோம் அல்லவா? அம்மனுக்குச் செய்வதைப் பெட்டிக்குச் செய்தால் பெட்டியும் தணியும் என்றார் ஏகாம்பரம். நியாயந்தானே என்றது சனம். பெட்டியை வெள்ளைத் துணியால் கட்டிக் கொண்டுவர வேண்டும். கூடவே ஒரு கோழி. ஏகாம்பரம் வேப்பிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்து, பெட்டியைப் பின்னறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்துவார். வெளியே வரும்போது பெட்டி பாடும். கோழி வெளியே வராது.

களுதாவளைக் கந்தப்போடியும் அங்கேதான் ஒரு பெட்டி வாங்கினார். மகள் சீதேவிப்பிள்ளைக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது. அவளுக்கென்று புதுவீடு கட்டி, மாப்பிள்ளை வந்து குடியிருக்கப்போகும் அந்த வீட்டின் நடுவறையில் பாட்டுப்பெட்டியை வைத்தார். ஊரில் வயலுள்ள வேறு எந்தப் போடியார் வீட்டிலும் பாட்டுப்பெட்டி இல்லை. அதனால்தான் வாங்கினார், அவருக்குப் பாட்டுப் பிடிக்காது.

மாப்பிள்ளை வல்லிபுரத்தின் தாய் ஆச்சிப்பிள்ளை வீடு பார்க்க வந்தாள். கந்தப்போடி பெருமையாகச் சாவியை முறுக்கினார். வெற்றிலைத் தட்டோடு சீதேவி நடுவறைக்குள் வந்ததும், கொதிக்கிற எண்ணெயில் மீனைப் போட்டதுபோல் பெட்டி இரைந்தது. பாட்டுக்காரியின் குரல் அதற்குள் எங்கோ தீய்ந்து போயிற்று.

"என்ன கா இது? புள்ள வந்தோடன தொண்டையக் கட்டிப்போட்டுது?" என்றாள் ஆச்சிப்பிள்ளை.

மறுநாள் கந்தப்போடி பெட்டியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு மாட்டுக் கரத்தையைப் பட்டினத்துக்கு விட்டார்.

"இந்தப் பெட்டி சரியில்ல. மாத்தித் தாங்க" என்றார் கடையில் எல்லோருக்கும் கேட்க.

ஏகாம்பரம் புன்னகைத்தார். "கடையில் இருந்தபோது பாடியதா?"

"ஓம்."

"உங்கள் வீட்டுக்கு வந்தபின் கெட்டுவிட்டது."

"ஓம்."

"அப்படியானால் மாற்ற வேண்டியது பெட்டியை அல்ல."

"பின்ன என்னத்த மாத்திற? வீட்டயா?"

ஏகாம்பரம் கண்ணை மூடினார். நெடுநேரம் கழித்து, ஓரத்தில் நின்ற சீதேவியின் கால்களைப் பார்த்தார். "புதுவீட்டில் கால்வைத்தவர் யார்? அந்தக் காலடியில் தோஷம். பேய் பெட்டிக்குள் புகுந்தது அதன் வழியாகத்தான்."

பெட்டி நன்றாயில்லை என்று சொல்ல வந்த மனிதர், மகள் நன்றாயில்லை என்று கேட்டுக்கொண்டு, அதற்கு ஒரு கோழியும் கொடுத்துவிட்டுத் திரும்பினார். வாடிக்கையாளரை இவ்வளவு மரியாதையாக அனுப்புகிற கடையை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

திரும்பும் வழியில் சீதேவி கேட்டாள்: "அப்பா, கடைவாசல்ல இருக்கிற பெட்டிய ஊரே பாக்குது. எத்தினை பேர்ட கண்ணூறு, எத்தினை பேர்ட காலடி. அதுக்கு மட்டும் ஏன் ஒண்டும் வரல்ல?"

"அது கடைப் பெட்டி புள்ள."

"அதத்தானே நானும் கேக்கிறன்."

கந்தப்போடி மாடுகளைத் தட்டிக் கல்லடிப் பாலத்தில் கரத்தையை விரட்டினார்.

குளிர்த்தி முடிந்து வந்த பெட்டி சில பாட்டுகள் பாடியது. பிறகு மீண்டும் இரைந்தது. செய்தி பெட்டியின் சத்தத்தைவிட வேகமாக ஊரைச் சுற்றியது. ஆச்சிப்பிள்ளை வந்து வாசலிலேயே நின்றாள்.

"என்ட மகன் பாட்டுப்பெட்டி இல்ல, போடியார். அவன்ட தொண்டை கட்டினா மஞ்சத்தண்ணி தெளிச்சு எடுக்க ஏலாது. கடைக்காரர் இவள்ட காலுல குத்தமில்ல எண்டு சொன்னாக் கலியாணம். இல்லாட்டி வேற இடம் பாப்பம்."

வல்லிபுரம் தாய்க்குப் பின்னால் நின்று மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். மண்ணில் பார்க்க ஒன்றுமில்லை.

ஏகாம்பரத்திடமிருந்து சொல் வந்தது. பெட்டியும் பெண்ணும் வெள்ளிக்கிழமை ஒன்றாக வர வேண்டும். ஒரு கோழி போதாது. கறுப்புச் சேவலும் பேடும் வேண்டும். பெட்டியை மரப்பெட்டிக்குள் வைத்துத் துணியால் கட்டிய பிறகு யாரும் திறக்கக்கூடாது. திறந்தவர் தொண்டைக்குள் பேய் பாய்ந்துவிடும். அவர் ஆயுசுக்கும் பாடிக்கொண்டே இருக்க நேரும். கந்தப்போடிக்கோ பாட்டென்றாலே பிடிக்காது. ஆகவே அவர் பெட்டியின் பக்கமே போகவில்லை. கட்டுகிற வேலை சீதேவிக்கு விழுந்தது. அவளும் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை கடைவாசலில் கால்வைக்க இடமில்லை; நானும் கூட்டத்தில் நின்றேன். பேய் பிடித்த மனிதரைப் பார்த்து அலுத்துப்போன சனம், பேய் பிடித்த சாமானைப் பார்க்க வந்திருந்தது. மீராசாஹிப் தன் இரண்டாம் குளிர்த்திக்காகக் கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். கோழி மட்டும் சந்தேகத்தோடு பார்த்தது. ஆச்சிப்பிள்ளை மகனோடு முன்வரிசையில் இருந்தாள், தீர்ப்பைத் தன் காதாலேயே கேட்க.

ஏகாம்பரம் மரப்பெட்டியைச் சுற்றி வேப்பிலையை வீசினார். தண்ணீர் தெளித்தார். துணிமேல் காதை வைத்தார்.

"இருக்கிறாள்" என்றார்.

கூட்டம் ஒரு பெருமூச்சு விட்டது. இல்லாவிட்டால் ஏமாற்றமாகப் போயிருக்கும்.

"பாடகி. மதுரைப் பக்கம். காதலில் தோற்று ஆற்றில் விழுந்தவள். இந்தப் பெண்ணின் காலடியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்." பெட்டியைப் பிடித்து லேசாக ஆட்டினார். உள்ளே ஏதோ உருண்டு 'தும்' என்று பலகையில் மோதியது. ஏகாம்பரமே ஒரு கணம் திடுக்கிட்டார். தொழில் தெரிந்தவர், உடனே சமாளித்தார். "கேட்டீர்களா? காலை உதைக்கிறாள்."

முன்வரிசை பின்வரிசையின்மேல் ஏறியது.

சீதேவி மெல்லக் கேட்டாள்: "ஐயா, அவ பச்சைச் சேலையா உடுத்திருக்கா?"

ஏகாம்பரத்துக்கு மகிழ்ச்சி. பெண் வழிக்கு வந்துவிட்டாள். மறுபடி காதை வைத்தார். "பச்சைதான். கரும்பச்சை."

"ஆள் கொஞ்சம் உருண்டையா?"

"நல்ல பருமன்."

"உள்ளுக்குச் சிவப்பா?"

"கோபக்காரி. உள்ளமெல்லாம் சிவப்பு. உனக்கு எப்படியம்மா தெரியும்?"

"நான்தானே கட்டினன்" என்று சொல்லிக்கொண்டே சீதேவி முடிச்சில் கைவைத்தாள்.

"தொடாதே" என்றார் ஏகாம்பரம். ஒருவர் ஓடிக் கரத்தையில் ஏறினார். இன்னொருவர், பேய் பாயும் இடம் அதுதானே என்று தொண்டையைக் கையால் பொத்திக்கொண்டார். சீதேவி துணியை அவிழ்த்து மூடியைத் தூக்கினாள்.

உள்ளே வைக்கோல். வைக்கோலின் நடுவில் ஒரு பெரிய, கரும்பச்சை வத்தகப்பழம்.

சனம் எட்டிப் பார்த்தது. மீராசாஹிபின் கோழி ஒருமுறை கொக்கரித்தது.

"மதுரைக்காரி எண்டீங்க" என்றார் மீராசாஹிப். "இவ களுதாவளை மணல்ல விளைஞ்சவ போலக் கிடக்கு."

"மாயம்" என்றார் ஏகாம்பரம். "பேய் பாட்டுப்பெட்டியை வத்தகப்பழமாக மாற்றிவிட்டது."

அதற்கும் தலையாட்டச் சிலர் இருந்தார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். தலை என்று ஒன்று இருந்தால் ஆட்டிப் பார்க்கத் தோன்றுவது இயல்பு.

"பாட்டுப்பெட்டி கரத்தையில கிடக்கு, வைக்கோலுக்குக் கீழ" என்றாள் சீதேவி. கரத்தையில் ஏறியிருந்த மனிதர், தான் அதன்மேல்தான் உட்கார்ந்திருப்பதை உணர்ந்து, ஏறியதைவிட வேகமாக இறங்கினார்.

"இப்ப உங்கட கடைப் பெட்டியில ஒரு பாட்டு வையுங்க ஐயா. முதுகக் காட்டாம, எங்களப் பாத்து நிண்டுகொண்டு வையுங்க" என்றாள் சீதேவி ஏகாம்பரத்திடம்.

"மந்திரம் இரகசியம்."

"வாயால சொல்லுறத நாங்க கேக்கல்ல. காதப் பொத்துறம். கண்ணத் திறந்து வைக்கிறம்."

ஏகாம்பரம் வழக்கம்போலத் திரும்பினார். திரும்பிய பக்கத்தில் மீராசாஹிப் நின்றார். அவர் நின்றால் அந்தப் பக்கம் முழுவதும் அவர்தான். ஏகாம்பரத்தின் வலதுகை மூடியே இருந்தது.

"கைய விரியுங்க காக்கா சொல்லுறன்" என்றார் மீராசாஹிப், அண்ணன் தம்பியிடம் சொல்வதுபோல் வெகு அன்பாக.

விரித்தார். உள்ளங்கையில் ஒரு சின்ன இரும்பூசி.

மந்திரம் அவ்வளவுதான். பாட்டுத்தட்டில் ஓடுகிற ஊசி ஓடி ஓடி மழுங்கும். மழுங்கினால் பாட்டு இரையும். அதனால் தட்டுக்குத் தட்டு ஊசியை மாற்ற வேண்டும். பெட்டி விற்கிற எந்தக் கம்பெனியும் ஒரு தகரப்பேணி நிறைய ஊசி வைத்துத்தான் அனுப்புகிறது. அந்தப் பேணிகளை எடுத்துவிட்டுப் பெட்டியை மட்டும் விற்றவர் ஏகாம்பரம். பின்னறையைத் திறந்து பார்த்தபோது, பேணிகள் ஒரு பக்கம் அடுக்கியிருந்தன. மறுபக்கம் கோழிகள்.

சீதேவி தன் பெட்டியை மேசையில் வைத்து, புது ஊசி ஒன்றைப் பூட்டிச் சாவியை முறுக்கினாள். பாட்டுக்காரி வந்தாள். தோஷமுள்ள காலடிக்குப் பக்கத்திலேயே நின்று, ஒரு குறையும் இல்லாமல், சரணம் முடியும்வரை பாடினாள்.

ஆச்சிப்பிள்ளை எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "நான் அப்பவே நினைச்சன், புள்ளையில ஒரு குறையும் இல்லையெண்டு."

"நினைச்சத அப்பவே சொல்லியிருக்கலாம் மாமி" என்றாள் சீதேவி. பிறகு வல்லிபுரத்தைப் பார்த்தாள். "நீங்க என்ன நினைச்சீங்க?"

வல்லிபுரம் அன்றுதான் மண்ணிலிருந்து கண்ணை எடுத்தான். "எனக்கும் அது பொய்யெண்டுதான் பட்டது. சொன்னா எனக்கும் பேய் எண்டு சொல்லுவாங்களோ எண்டு பயம்."

"இனிச் சொல்லுவீங்களா?"

"சொல்லுவன்."

"அம்மா முன்னாலயும்?"

வல்லிபுரம் தாயைப் பார்த்தான். "சொல்லுவன்."

"அப்ப சரி" என்றாள் சீதேவி. கல்யாணம் அந்த இடத்திலேயே நிச்சயமானது. போடியார் கையிலிருந்த சேவலைக் கீழே இறக்கிவிட்டார்.

பிறகு நடந்ததை விவரிக்க வெட்கமாயிருக்கிறது. ஏகாம்பரத்தைப் பொலிசில் கொடுக்க வேண்டிய சனம், எந்தக் கோழி யாருடையது என்று சண்டை பிடித்தது. ஒரே செவலைப் பேட்டுக்கு மூன்று ஊர்க்காரர்கள் உரிமை கேட்டார்கள். அந்தச் சந்தடியில் ஏகாம்பரம் தாயத்தையும் உருத்திராட்சத்தையும் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு, வாவிக்கரைத் தோணி ஒன்றில் ஏறிப் போய்விட்டார். அக்கரையில் கால்வைக்கும்போது எதைப் பூண்டுகொண்டாரோ தெரியாது.

வத்தகப்பழத்தை வெட்டினார்கள். உள்ளே நல்ல சிவப்பு. சற்றுமுன் அதைக் கண்டு ஓடியவர்களே முதலில் கை நீட்டினார்கள். மீராசாஹிப் இரண்டு துண்டு தின்றார்.

எல்லோரும் போன பிறகு, வயதான ஒருவர் மட்டும் குனிந்து மண்ணில் சிதறிய விதைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"குளிர்த்தி செய்த பழமெல்லோ தம்பி. விதை நல்லாப் பலிக்கும்" என்றார்.

இந்தக் கதையை அவருக்காகத்தான் எழுதினேன். அவர் வாசிக்கமாட்டார். வாசிக்கிற நீங்களாவது, திறக்கக்கூடாது என்று யாரோ சொன்னதற்காகக் கட்டிவைத்திருப்பதை இன்றைக்கே அவிழ்த்துப் பாருங்கள். பயப்பட வேண்டாம். அநேகமாக அது தின்னக்கூடியதாகத்தான் இருக்கும்.