பௌர்ணமிச் சலுகை

நியாயத்துக்காக உயிரையே கொடுத்துவிடுவது என்று அன்று மத்தியானம் ஆபீசில் முருகையன் முடிவு செய்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதலில் காபி கேட்டார்.

விஷயம் இதுதான். திருவண்ணாமலையில் ஒரு சர்க்கார் ஆபீசில் அவர் குமாஸ்தா. புதிதாக வந்த அதிகாரி கோதண்டராமன், வந்த வேகத்தில் ஓர் உத்தரவு போட்டுவிட்டார். வழக்கம் என்ற பெயரில் இனி யாரும் வேலை நேரத்தில் வெளியே போகக் கூடாது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய்வரும் சர்தாருக்கும் அதே சட்டம். பௌர்ணமிதோறும் மலை சுற்ற மூன்று மணிக்கே கிளம்பும் முருகையனுக்கும் அதே சட்டம்.

"வேலைக்குச் சேரும்போது ஒரு ரூலு, பாதியில ஒரு ரூலா? இது நியாயமா ரேணுகா?"

"அநியாயந்தாங்க. பாவம், சர்தார் பாய்."

"என்னைச் சொல்லுடி!"

"உங்களையுந்தான்" என்றாள் ரேணுகாம்பாள்.

வாசகர்களிடம் மட்டும் ஒரு ரகசியம். முருகையன் ஒரு தடவைகூட மலை சுற்றியதில்லை. மூன்று மணிக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சிநேகிதரின் மாடியில் போய் உட்கார்ந்தால், பொழுது சாய்ந்தும் சீட்டாட்டம்தான். திரும்பும்போது செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தெருப்புழுதியில் நாலு மிதி மிதித்து, நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைவார். ரேணுகாம்பாள் எண்ணெய் தடவிக் கால் பிடித்துவிடுவாள். மாதத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் அவருக்கென்று இருந்தது. அதுவும் போனால் என்ன மிச்சம்?

மறுநாள் சர்தாரையும் அழைத்துக்கொண்டு அதிகாரியிடம் போனார். கோதண்டராமன் கெட்டவர் இல்லை.

"கிராமத்துலேர்ந்து வந்தவங்க ஜன்னல்கிட்ட கால்கடுக்க நிக்கிறாங்க. நீங்க பாட்டுக்குக் கிளம்பிட்டா அவங்களுக்கு யாருய்யா நியாயம் சொல்றது? அதுவும், நெஜமாவே போறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சர்தார் வாயைத் திறக்குமுன் முருகையன் முந்திக்கொண்டார்.

"என் சம்சாரத்தையே கூட்டிட்டு வர்றேன் சார். எனக்குக் கால் பிடிச்சு விடறவளே அவதான்!"

தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

ரேணுகாம்பாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, சர்தார் பாய் மசூதிக்குப் போறத ஊரே பாக்குது. அத நிறுத்தாதீங்க. ஜன்னல்ல நிக்கிறவங்களும் பாவந்தான். போன நேரத்துக்கு ஈடா மறுநாள் காலைல சீக்கிரம் வந்து வேலை பாக்கட்டும்."

"உங்க வீட்டுக்காரரு?"

"இனிமே பௌர்ணமிக்கு நானும் கூடவே நடக்கிறேங்க. அவருக்கு நான் பொறுப்பு."

அதிகாரிக்கு அது பிடித்துவிட்டது.

"சரி. ஆனா ஒருத்தர் ஏமாத்தினாலும் எல்லாருக்கும் ரத்து."

சர்தார் நிம்மதியாக மூச்சு விட்டார். முருகையனுக்கு மூச்சே வரவில்லை.

"ஏன்டி அப்படிச் சொன்ன?" என்று தெருவில் வந்ததும் பாய்ந்தார்.

"பொய் சொல்லவும் வாய் வரல, காட்டிக் குடுக்கவும் மனசு வரல. நடந்த காலு எது, உக்காந்த காலு எதுன்னு பிடிச்ச கைக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் சும்மா இருந்த?"

"மாசத்துல ஒரு சாயங்காலம் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். ஆனா உங்க குட்டு வெளிய வந்தா அந்த மனுசனோட தொழுகையும்ல சேர்ந்து போயிடும்?"

முருகையனுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

அடுத்த பௌர்ணமிக்கு இருவரும் நடந்தார்கள். அடி அண்ணாமலை வருவதற்குள் அவர் பாதம் கொப்பளித்துவிட்டது. ரோட்டோரம் உட்கார்ந்து முள் பிடுங்கும்போது யோசித்தார். சலுகை ரத்தானால் தனக்குப் போவது ஒரு சீட்டுக்கட்டு. சர்தாருக்குப் போவது சாமி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நியாயம் பேசினோமே என்று மனசு உறுத்தியது. ரேணுகாம்பாள் பக்கத்தில் நின்று, "எழுந்திருங்க, இன்னும் பாதி இருக்கு" என்றாள்.

மறுநாள் விடியற்காலையில் ஈடு செய்யக் கிளம்பும்போது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. மனசாவது மனசு!

"ரேணுகா, எனக்குச் சலுகையே வேணாம்னு ஆபீசர்கிட்ட சொல்லிடறேன்."

"திடீர்னு வேணாம்னா, இத்தனை நாளா டிமிக்கி குடுத்தது தெரிஞ்சு போகாது? அப்புறம் பாயோட கதி?"

ரேணுகாம்பாள் சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டினாள். முகம் மலர்ந்தது.

"ஏங்க, ஜூலையில ரெண்டு பௌர்ணமி வருது!"