நின்ற நேரமும் சேர்த்து

ஊற்றங்கரைப் பாறைக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்த இயற்பியல் ஆசிரியர் எசென்குல் ஸ்டாப்வாட்சை அமுக்கிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். இனி பயமில்லை. ஜிபாரைப் பிடித்துவிடலாம்.

நவ்ரூஸ் என்னும் வசந்தப் புத்தாண்டு விழாவில் நடக்கும் குதிரைத் துரத்தலுக்குத்தான் இந்த ஏற்பாடு. பெண் முன்னே பாய்வாள், ஆண் துரத்துவான். எல்லைக் கம்பத்தை எட்டுமுன் பிடித்துவிட்டால் அவனுக்கு ஒரு முத்தம். கோட்டை விட்டால் திரும்பும் வழியில் அவள் துரத்துவாள், கையில் சாட்டையோடு.

மந்தைக்காரர் ஒரோஸ்பாயின் மகள் ஜிபாரிடம் நேரில் பேச எசென்குலுக்கு நாக்கு எழாது. கணக்கென்றால் யாருக்கும் அஞ்சமாட்டார். ஜிபார் தினமும் மாலையில் மலையடிவரை குதிரையில் போவாள். போகிற வழியில் ஊற்றங்கரையில் இறங்கி வெகுநேரம் நிற்பாள். பிறகு ஏறிப் போவாள். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்ததில், பால் கேன் சுமக்கும் தன் கிழட்டுக் குதிரையே அவளை முந்திவிடும் என்று விடை வந்தது. தன் குதிரையை அவர் ஆளில்லாத பாதையில் ஓட்டி ஏற்கெனவே அளந்து வைத்திருந்தார்.

சந்தோஷம் தாங்காமல் அதையே ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் கணக்காகப் போட்டார். பெயர் சொல்லவில்லை. குதிரை அ, குதிரை ஆ.

"சார், நின்ன நேரத்தையும் சேக்கணுமா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"கண்டிப்பா. ஏன் நின்னாங்கன்னு கணக்கு கேக்காது."

மதியத்துக்குள் குதிரை ஆ யாருடையது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. பள்ளி விடும் நேரத்தில் ஒரோஸ்பாய் வாசலில் நின்றார்.

"வாத்தியார் தம்பி, எங்க குதிரை உன் பால் குதிரையைவிட மெதுவாமே?"

மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். எசென்குல் அவரை வகுப்புக்குள் அழைத்துப்போய்ப் படம் போட்டு விளக்கினார். பெரியவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"சரி. பிடிச்சுட்டா, அவ சம்மதிச்சா, நான் குறுக்க நிக்கமாட்டேன். பிடிக்கலைன்னா என் வீட்டு வாசல்ல வந்து நீ பொண்ணு கேக்கக் கூடாது."

"பத்திரிகை அடிக்கக் குடுத்துடுங்க" என்றார் எசென்குல்.

அதுவும் ஊருக்குத் தெரிந்தது. ஜிபார் புதுச் சாட்டை வாங்கியிருக்கிறாள் என்றும் தெரிந்தது.

விழா நாளில் கொடி அசைந்ததுமே ஜிபார் இருந்த இடத்தில் சேறு மட்டும் தெறித்தது. எசென்குலின் குதிரையும் புறப்பட்டது. கொஞ்ச தூரம் ஓடி, ஒரு அம்மாவின் முன்னால் நின்றது. அவள் தினமும் பால் வாங்குகிறவள். விலாவில் குதிகாலால் தட்டினார். ஓடியது. அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்ததும் நின்றது. பாதையின் இரு பக்கமும் ஊரே வரிசையாக நின்றது. எல்லோருமே பால் வாங்குகிறவர்கள்தான்.

அவர் ஒருவழியாகக் கம்பத்தை அடைந்தபோது ஜிபார் சாட்டையைச் சுழற்றியபடி காத்திருந்தாள். திரும்பும் வழியிலும் குதிரை யாரையும் விட்டுவைக்கவில்லை. நின்ற இடமெல்லாம் அடி விழுந்தது. ஒன்பதாம் வகுப்பு சேர்ந்து எண்ணியது.

ஒரோஸ்பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

எசென்குல் முதுகைச் சாய்க்க முடியாமல் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். ஜிபாரின் அண்ணி துர்சுனை ஒரு கிண்ணத்தில் நவ்ரூஸ் கோதுமைக் களி கொண்டுவந்து கொடுத்தாள்.

"என் கணக்குல தப்பே இல்லக்கா" என்றார் அவர். "தினமும் ஊத்துகிட்ட அவ்வளவு நேரம் நிக்கிறவ, இன்னைக்கு ஒரு நிமிஷம்கூட நிக்கலை. அதான்."

துர்சுனை சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து மெதுவாகச் சொன்னாள்:

"பாறைக்குப் பின்னாடியிருந்து நீங்க எழுந்து வருவீங்கன்னுதான் சார் அவ தினமும் அங்க நின்னா, மாமா எங்க வீட்டு வாசல்ல மட்டும்தான் பொண்ணு கேக்கக் கூடாதுன்னார், இன்னைக்குச் சாயங்காலம் ஊத்துக்குக் கடிகாரம் இல்லாம வாங்க."