கிராமர் ஆன்டி யாரையும் 'டிராப்' செய்வதில்லை

மலேசியாவில், எங்கள் கிள்ளானில் எத்தனையோ பள்ளி வேன்கள் ஓடுகின்றன. பிள்ளைகள் பள்ளிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே அவர்களுடைய அம்மாக்களுக்குப் பரீட்சை வைத்துவிடும் வேன் உலகத்திலேயே ஒன்றுதான். தேடிப் பிடித்து அதில் என் மகளைச் சேர்த்தவள் நான்.

அதை ஓட்டியவரின் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. கிராமர் ஆன்டி என்போம், அவர் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு. நாற்பத்தைந்து வயதிருக்கும். கொளுத்தும் வெயிலிலும் விரல் நுனிவரை இழுத்துவிட்ட ஸ்வெட்டர், முகத்தில் பாதியை மூடும் கறுப்புக் கண்ணாடி. ஹாரன் அடிக்கவே மாட்டார். எங்களை நடுங்க வைக்க வாட்ஸாப் குழு போதும் அவருக்கு.

மகள் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்த முதல் வாரம் அது. நானும் அப்போதுதான் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் மறுபடி வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மறுநாள் அவளை என் அக்கா வீட்டிலிருந்து ஏற்ற வேண்டியிருந்தது. குழுவில் தமிழ் படிக்க வராத அம்மாக்களும் உண்டு என்பதால் எல்லாரும் ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். "ஆன்டி, டுமாரோ பிளீஸ் பிக் அப் ஹெர் மை சிஸ்டர் ஹவுஸ்" என்று அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "பிக் ஹெர் அப். ஃப்ரம்."

அவ்வளவுதான். வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ ஒரு சொல் இல்லை. வேன் வருமா வராதா? மகள் பள்ளிக்குப் போவாளா மாட்டாளா? அரை மணி நேரம் தவித்துவிட்டு, திருத்தி எழுதி மறுபடி அனுப்பினேன். உடனே ஒரு கட்டைவிரல் வந்தது. நான் டிப்ளமா முடித்தவள். கப்பல் கம்பெனிகளுக்குத் தினமும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள். அன்று முதல் ஒவ்வொரு மின்னஞ்சலையும் நான்கு தடவை படித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

எனக்கு ஒன்று புரியவில்லை. பிக், அப் என்று பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு சொற்களுக்கு நடுவில் அந்த 'ஹெர்' ஏன் போய் உட்கார வேண்டும்? மகளின் பெயரை எழுதினால் பின்னால் நிற்கலாமாம், 'அவளை' என்றால் நடுவில்தான் இடமாம். 'டெல் மீ' சரி, 'எக்ஸ்பிளெய்ன் மீ' தவறு. டெல் என்ன மாப்பிள்ளையா, நேராக வீட்டுக்குள் நுழைய? எக்ஸ்பிளெய்ன் மட்டும் வாசலில் செருப்பைக் கழற்றி, 'டு' என்று குரல் கொடுத்துவிட்டு வர வேண்டுமா? தமிழில் அவளை என்றால் அவளைத்தான், எனக்கு என்றால் எனக்குத்தான். வாக்கியத்தில் எங்கே உட்கார வைத்தாலும் பிள்ளை பத்திரமாக இருக்கும்.

என் கணவர் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். ஒருநாள் வேன் பத்து நிமிடம் தாமதமானதற்கு, "ஆன்டி, எக்ஸ்பிளெய்ன் மீ ஒய் லேட்" என்று அவர் குழுவில் கேட்டுவிட்டார். உங்களை விளக்க என்னால் முடியாது, உங்கள் மனைவியாலும் முடியுமா என்பது சந்தேகம், தாமதத்தை வேண்டுமானால் உங்களுக்கு விளக்குகிறேன் என்று பதில் வந்தது. குழுவில் முப்பது குடும்பங்கள். முப்பதும் சிரித்தன. கணவர் அன்றோடு குழுவை விட்டே விலகிவிட்டார். பாவி மனிதர், என்னைத் தனியாக விட்டுவிட்டு.

எங்கள் ஃபிளாட்டில் கீழ்மாடியில் இருக்கும் கவின் அம்மா கெட்டிக்காரி. நான் வேலையிலிருந்து வரும்வரை என் மகளை மதியத்தில் வாங்கி வைத்துக்கொள்பவளும் அவள்தான். எழுத்தே வேண்டாம் என்று ஒருநாள் படமாக அனுப்பினாள்: ஒரு பையன், ஒரு வேன், ஒரு வீடு. "வீட்டுக்கா, வீட்டிலிருந்தா, அல்லது வீட்டையும் ஏற்ற வேண்டுமா?" என்று கேட்டு வந்தது பதில். குரல் பதிவு அனுப்பிப் பார்த்தாள். அதைவிட நீளமான குரல் பதிவில் திருத்தம் வந்தது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் காலையில் வேனின் சன்னலருகே போய் நின்றேன்.

"ஆன்டி, நீங்களும் தமிழு, நானும் தமிழு. காலங்காத்தால எதுக்கு இந்த டார்ச்சர்?"

கறுப்புக் கண்ணாடியை மூக்குவரை இறக்கினார்.

"தமிழ்லயே அனுப்புங்க மேடம், யாரு வேணாம்னா? ஆனா என்னா எழுதுறீங்க? 'பாப்பாவ கீழ விட்ருங்க.' கீழ யாரு இருக்கா? 'ஹேண்ட் ஹெர் ஓவர் டு'ன்னு எழுதிப் பாருங்க, டுவுக்கு அப்புறம் ஒரு ஆளு பேரு போட்டே ஆகணும். இல்லன்னா அந்தரத்துல தொங்கும். தொங்குறதுக்கெல்லாம் நான் வண்டி எடுக்க மாட்டேன் லா."

"சிம்பிளா டிராப் ஹெர்னு போட்டா ஆகாதா?"

"டிராப் பண்றதுக்கு அது என்னா, தேங்காயா?"

கண்ணாடி மேலே ஏறியது. வேன் போய்விட்டது. அன்று அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன். கோபத்தில்தான்.

அதற்கடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கவின் அம்மா நேர்த்திக்கடனுக்காக மகனையும் கூட்டிக்கொண்டு பத்துமலை போயிருந்தாள். நானே மதியம் வீட்டில் இருந்து மகளை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அரை நாள் விடுப்பும் எடுத்திருந்தேன். துறைமுகச் சாலையில் ஒரு கண்டெய்னர் லோரி குறுக்கே சாய்ந்துகிடந்தது. முன்னால் லோரி, பின்னால் லோரி, நடுவில் என் மைவி கார். கணவர் ஷிப்டில், அவர் கைப்பேசி லாக்கரில். மணி ஒன்று.

ஃபிளாட் வாசலில் காவலுக்கு ஒரு ஜாகா எப்போதும் உட்கார்ந்திருப்பார். மகளை அவரிடம் விட்டுவிடும்படி ஆன்டிக்கு எழுதினேன். 'டு' எல்லாம் சரியாகப் போட்டுத்தான் எழுதினேன். "டு ஹூம்? நேம்?" என்று பதில் வந்தது. அந்த வாரம்தான் ஆள் மாறியிருந்தார். பெயர் எனக்கு எப்படித் தெரியும்? "ஜஸ்ட் லீவ் ஹெர் தேர்" என்று, மூன்று ஆச்சரியக்குறிகளோடு அனுப்பினேன்.

அவர் பதிலுக்குக்கூட நான் காத்திருக்கவில்லை. அம்மாக்களுக்கு மட்டும், ஆன்டி இல்லாமல், இன்னொரு குழு வைத்திருந்தோம். அதில் கொட்டித் தீர்த்தேன். அடுத்த மாதத்தோடு இந்த வேனை நிறுத்தப் போகிறேன், யார் என்னோடு வருகிறீர்கள் என்று கேட்டேன். ஏழு கட்டைவிரல்கள் விழுந்தன. நெரிசலில் கார் நகரவில்லை, ஆனாலும் எனக்கு ஏதோ ஜெயித்துவிட்டது போல இருந்தது.

ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால். காவல் கூண்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நாற்காலி இருந்தது. ஜாகா இல்லை. மகளும் இல்லை.

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி எழுத எனக்கு இன்றும் கை வரவில்லை.

எதிர்ச் சாலையில் மரத்தடியில் வேன் நின்றிருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. முன் இருக்கையில் என் மகள், ஆன்டி கடையில் தாப்பாவ் கட்டி வாங்கி வைத்திருந்த சோற்றில் கோழியாகப் பார்த்துப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். ஆன்டியின் பங்குக்கு வெள்ளரிக்காய் மட்டும் மிச்சம்.

எனக்கு வந்ததே கோபம். "ஒரு வார்த்த ரிப்ளை பண்ணக் கூடாதா ஆன்டி? நான் செத்துப் பொழச்சிட்டேன்."

"பண்ணேனே. பாருங்க."

பார்த்தேன். ஒன்று இருபத்துநான்குக்கு வந்திருந்தது: "ஐ ஆம் கீப்பிங் ஹெர் வித் மீ." கட்டைவிரல்களை எண்ணிக்கொண்டிருந்ததில் நான் அதைத் திறக்கவே இல்லை.

"ஜாகா பேரு கேக்கலாம்னு எறங்கிப் போனேன். ஆளே இல்ல. ரெண்டு மணி டிரிப்ப வேற வேனுக்குக் குடுத்துட்டேன்" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை, பெருமையும் இல்லை. இறங்கி வந்து, மகளின் எண்ணெய்க் கையை ஸ்வெட்டர் நுனியால் துடைத்து, அதை எடுத்து என் கையில் வைத்தார். நான் இறுக்கிப் பிடித்த பிறகுதான் தன் கையை எடுத்தார்.

வேனை நான் நிறுத்தவில்லை என்று அம்மாக்கள் குழுவில் எழுதினேன். ஏன் என்று ஏழு பேரும் கேட்டார்கள். என்னத்தை விளக்குவது? மறுநாள் ஆன்டிக்கு நன்றி எழுதினேன். அதிலும் ஒரு 'ஆஃப்' குறைகிறது என்று திருப்பி அனுப்பினார். இதையெல்லாம் மன்னிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

இந்த ஆண்டு அம்பாங்குக்குக் குடிமாறிவிட்டோம். புது வேன்காரர் தங்கமான மனிதர். எதை எப்படி எழுதினாலும் "ஓகே சிஸ்" என்கிறார். மகளை ஏற்றிவிட்டு, வேன் முனை திரும்பி மறையும்வரை வாசலிலேயே நிற்கிறேன். கிள்ளானில் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, ஒருநாள்கூட நான் அப்படி நின்றதில்லை.